யாரும் விழாத ஐந்தாம் மேடை

ஜூலை 28, திங்கள்

உப்புக் காற்று. தூத்துக்குடியில் வந்து இறங்கியதிலிருந்து உதட்டை நக்கினால் கரிக்கிறது. உரத் தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் பெட்டியை வைத்தேன், இன்னொன்றில் நான்.

கேன்டீன்காரர் சோறு போட்டுக்கொண்டே, என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். "வீடியோ கேம் செய்யறவளுங்க" என்றேன். மனிதர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"உரம் செய்யுத எடத்துல கேம் எதுக்கும்மா?"

நியாயமான கேள்விதான். கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு ஊரும் தெருவும் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது அதே கருவிகளை வைத்துத் தொழிற்சாலைகளைக் கட்டுகிறோம், கம்ப்யூட்டருக்குள். ஹெட்செட்டை முகத்தில் மாட்டிக்கொண்டால் ஆலைக்குள் நிற்பது போலவே இருக்கும். கையில் பிடித்திருக்கும் பிடியின் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம், வால்வைத் திருகலாம், வேறெங்கோ ஹெட்செட் மாட்டியிருக்கிறவர்களோடு நேரில் நின்று பேசுவதுபோலப் பேசலாம்.

செப்டம்பர் முதல் தேதி இங்கே ஷட்டவுன். ஆலையை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள். அதற்குள் உயரத்தில் ஏறப்போகிறவர்கள் எல்லோருக்கும் என்னுடைய பொய் ஆலையில் பயிற்சி கொடுத்துத் தேர்வும் வைத்துவிட வேண்டும்.

வந்து சேர்ந்ததைச் சொல்ல என் கணவர் தினகரை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.

ஜூலை 30, புதன்

முதல் வகுப்பே ரத்தக்களறி.

ஆலையின் உயர்ந்த டவரில் ஐந்தாம் மேடையில்தான் இந்த முறை பெரிய வேலை. அங்கிருந்து ஒரு வால்வைக் கழற்றிக் கிரேனில் இறக்கப்போகிறார்கள். அதற்காக ஒரு பக்கத்துக் கைப்பிடிக் கம்பியை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் திறந்து கிடக்கும். பெல்ட்டில் தொங்கும் கொக்கியைத் தலைக்கு மேலுள்ள கம்பியில் மாட்டிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். இதைப் பழக்குவதுதான் என் வேலை.

பாரம் தூக்கும் பிச்சையா அண்ணன் ஹெட்செட்டைப் பார்த்ததும், "இதென்ன மூஞ்சிப்பெட்டியா?" என்றார். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கொக்கி மாட்டாமல் மேடையைத் தாண்டி ஓர் எட்டு வைத்துவிட்டார். உள்ளே விழுந்ததும் வெளியே அவர் உடம்பு முன்னால் பாய்ந்தது. பெஞ்சு முனையில் மோதி உதடு கிழிந்துவிட்டது. உள்ளே அவர் விழுந்ததைப் பார்த்து இரண்டு பேர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாந்தி எடுத்தார்கள்.

"எம்மா, கேம்ல விழுந்து நெசமா ரத்தம் வந்த மொத ஆளு நாந்தான். பேரை எங்கயாச்சும் எளுதி வைங்க" என்றார் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதுகாப்பு அதிகாரி ஜெபசிங் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், பாதுகாப்புப் பயிற்சியில அடிபட்டா ஊரே சிரிக்கும். இனி ஒருத்தரும் விழக்கூடாது. என்ன செய்வீங்களோ தெரியாது."

ஜூலை 31, வியாழன்

செய்துவிட்டேன். விளையாட்டுகளில் இது சகஜம்தான். ஆடுகிறவன் மலை உச்சியிலிருந்து விழாமல் இருக்கக் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்றை நிறுத்துவோம். ஐந்தாம் மேடையின் திறந்த பக்கத்தில் அப்படி ஒன்றை நிறுத்தினேன். சுவரைத் தொட்டால் கையிலிருக்கும் பிடி லேசாக அதிரும், அவ்வளவுதான். கொக்கி மாட்டாமல் போனால் மதிப்பெண் குறையும், ஆனால் யாரும் விழமாட்டார்கள்.

யாரும் விழவில்லை. வாந்தியும் இல்லை. ஜெபசிங் சார் கையைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒரே ஒரு பெண். ஜெனிட்டா. ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கிறாள், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "ஒங்க கடலு நல்லாருக்குக்கா" என்றாள். மேடையிலிருந்து பார்த்தால் உண்மையில் உப்பளமும் புகைபோக்கிகளும்தான் தெரியும். நான் அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கடலை இழுத்து வைத்திருந்தேன். அதைக் கவனித்த முதல் ஆள் இவள்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. குடியிருப்பில் ஈ காக்கை இல்லை. "சப்பரம் பாக்க வாங்கக்கா, எங்க வீட்லயே சாப்பிடலாம்" என்று ஜெனிட்டா நேற்று மூன்று தடவை கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு வேலையும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

துணி துவைத்தேன். காய்ந்ததும் மடித்தேன். பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஐந்தாம் மேடைக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை அதிரும்வரை முன்னால் போய் நின்றால் காலுக்குக் கீழே வெறும் காற்று. பயமே இல்லை.

தினகரிடமிருந்து செய்தி: கிரைண்டர் யாருடையது, உன் அம்மா வாங்கித் தந்ததா, நாம் வாங்கியதா? வீட்டை ஒழுங்குபடுத்துகிறார்போல. அம்மா வாங்கியது என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பழகுவதற்காக ஹெட்செட்டுகளை அறைக்கு எடுத்துப்போக ஜெபசிங் சார் அனுமதி கொடுத்துவிட்டார். சாயங்காலம் சும்மா உள்ளே போய் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, இருக்கியளா?"

ஜெனிட்டா. பெண்கள் விடுதியிலிருந்து. உள்ளே எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்போம்: மஞ்சள் ஹெல்மெட், தலைக்கு மேல் பெயர், முழங்கையோடு முடிந்துவிடும் கைகள். இருந்தாலும் அவள் நிற்கும் விதத்திலேயே அவள் என்று தெரிந்துவிட்டது. திருவிழாவில் தம்பி தொலைந்துபோய்க் கிடைத்த கதையைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பிச்சையா அண்ணன் ஆட்கள் தங்குமிடத்திலிருந்து வந்தார், இன்னும் நாலைந்து பேரோடு. நிஜக் கையில் டீ கிளாஸ் வைத்திருந்தாராம். அது உள்ளே தெரியாதே. கடலைக் காட்டக் கையை நீட்டி மடியில் கொட்டிக்கொண்டார். "ஐயோ, சூடு சூடு" என்று ஹெல்மெட் போட்ட உருவம் மேடை முழுக்கக் குதித்தது.

சிரித்துச் சிரித்து என் ஹெட்செட்டின் கண்ணாடி மங்கிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றம், மிட்டாய். பகலெல்லாம் அறையில் சும்மா இருந்தேன். சாயங்காலம் எப்போது வரும் என்று இருந்தது.

இப்போதெல்லாம் தினமும் கூடுகிறோம். பிச்சையா அண்ணன் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். திறந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்க வேண்டும். பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடக்க வேண்டும். யாருக்கு முதலில் கை அதிர்கிறதோ அவர் ஜெயித்தார். தோற்றவர் மறுநாள் நிஜத்தில் டீ வாங்கித் தர வேண்டும்.

நானும் நடந்தேன். நானே ஜெயித்தேன். "அவிய கட்டுன வீடுல்லா, அவியளுக்குத் தெரியாதா?" என்று ஜெனிட்டா கத்தினாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாளாயிற்று. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேர்வு. எல்லோரும் தேறிவிட்டார்கள். தேர்வென்றால் ஒழுங்காகக் கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். ஜெனிட்டாவுக்குத்தான் முதல் மதிப்பெண். இந்த ஷட்டவுனை நல்லபடியாக முடித்தால் வேலை நிரந்தரம் ஆகிவிடுமாம். "எங்கம்மா நேந்துருக்காவ" என்றாள்.

"ஒரு ஆள்கூட விழலை மேடம்! தலைமை ஆபீசுக்கு எழுதப்போறேன்" என்றார் ஜெபசிங் சார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை.

படம் எடுப்பதற்காக நிஜமான ஐந்தாம் மேடைக்கு ஏறினேன். துணைக்கு ஜெனிட்டாவை அனுப்பியிருந்தார்கள். கிரேன் எட்டுகிறதா என்று பார்ப்பதற்காகக் கைப்பிடிக் கம்பியை இன்று காலையிலேயே எடுத்திருந்தார்கள். மூச்சு வாங்க நான் ஏணிப்பக்கம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தபடி பேசிக்கொண்டே பின்னால் நடந்தாள். கொக்கி இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "நெசத்துல ஒங்க கடலு எங்க இருக்குன்னு காட்டுதேன் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஓர் எட்டு வைத்தாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. அவள் பெல்ட்டின் முன்வாரைப் பிடித்து இழுத்ததில் இருவரும் தகட்டின் மேல் விழுந்தோம். என் முழங்கை சிராய்த்துவிட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கை அதிரவே இல்லியேக்கா" என்றாள்.

இறங்கி வரும்போது இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். வேலை போய்விடுமாம். கால் இடறிவிட்டது, அவ்வளவுதானாம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சோப்பு, தேங்காயெண்ணெய், முழங்கைக்கு மருந்து வாங்கினேன். கேன்டீனில் கீரை, சாம்பார்.

ஒருத்தியின் கவனக்குறைவு. எல்லோரும் அப்படியா இருக்கப்போகிறார்கள்?

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட எப்போது வருகிறாய் என்று தினகர் கேட்டிருந்தார். ஷட்டவுன் முடியட்டும் என்றேன். சரி என்றார்; சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சாயங்காலம் எல்லோரும் ஹெட்செட் மாட்டி மேடைக்கு வந்தார்கள். நான் பேசாமல் ஏணிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்று யாரும் சொல்லவே இல்லை. வேறு என்னவோ பேசிக்கொண்டே எல்லோரும் தம்பாட்டுக்குப் பின்னால் நடந்து போய், கை அதிர்ந்ததும் நின்றார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. ஒருத்தர் கொக்கியும் மேலே இல்லை. பிச்சையா அண்ணன் உட்பட. இருபது வருஷமாக ஏறுகிற மனிதர்.

சுவரை இப்போதே எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. அதற்குள், "நிரந்தரம் ஆனதும் மொத சம்பளத்துல அக்காவுக்குத்தான் சேலை" என்றாள் ஜெனிட்டா. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த மேடையை விட்டால் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? அதுதான் விஷயம். எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெபசிங் சாரிடம் சொன்னேன். ஜெனிட்டாவின் பெயரைச் சொல்லவில்லை. மேடையில் இவர்கள் பின்னால் நடக்கிறார்கள், சுவர் தடுக்கும் என்று உடம்பு நம்பிவிட்டது, சுவரை எடுத்துவிட்டு எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும் என்றேன்.

"மறுபடியும் உதடு கிழியவா? தேர்ச்சியெல்லாம் தலைமை ஆபீசுக்குப் போயாச்சு மேடம். இப்போ போய்த் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டோம்னு எழுதச் சொல்றீங்களா?"

"விழுந்தா செத்துருவாங்க சார்."

அவர் தேர்ச்சிப் பட்டியலை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "வாயால சொல்லிருவோம். நீங்களே சொல்லுங்க. எல்லாம் விவரம் தெரிஞ்ச ஆளுங்கதானே" என்றார்.

சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். நிஜ மேடையில் சுவர் கிடையாது, கை அதிராது என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "புரிஞ்சுதும்மா, நாங்க என்ன பச்சப்புள்ளையா?" என்றார் பிச்சையா அண்ணன்.

சாயங்காலம் அதே மேடை. "நெசத்துல சூதானமா இருக்கணும்னு அக்கா சொன்னாவல்ல" என்று புதிதாக வந்த ஒருவனுக்கு ஜெனிட்டா விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. கேன்டீனில் கொழுக்கட்டை கொடுத்தார்கள். அறையில் உட்கார்ந்து சுவரை எடுத்தேன். நிறுத்த எவ்வளவு நேரம் ஆனதோ அதைவிடக் குறைவாகத்தான் ஆனது.

விழுவது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. நானே பின்னால் நடந்தேன். கை அதிரவில்லை. விழுந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தும் கையால் மெத்தையைப் பிறாண்டினேன். அடிபடாமல் இருக்க உட்கார்ந்தே இருந்தால் போதும் என்று தெரிந்துகொண்டேன். கீழே மோதும் இடத்தில் திரை கறுத்துவிடும். சத்தம் ஏதாவது வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

முன்கூட்டியே சொன்னால் ஜாக்கிரதையாக நடப்பார்கள். தேர்வில் நடந்த மாதிரி. சொல்லாமல் விட்டால்தான் உடம்புக்கு உறைக்கும். நாளைக்கு.

பிள்ளையாரப்பா, இது துரோகமா? என்னைக் கேட்டால், ஆமாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைக்கு எல்லோரும் கட்டிலிலோ தரையிலோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் ஹெட்செட் மாட்ட வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். "ஏன்க்கா, படம் காட்டப் போறியளா?" என்று ஜெனிட்டா கேட்டாள். வா, காட்டுகிறேன் என்றேன்.

எல்லோரும் வந்தார்கள். உட்கார்ந்திருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பிச்சையா அண்ணன் மச்சினன் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோன கதையை ஆரம்பித்தார். கதை சூடு பிடித்தது. ஒவ்வொருவராகப் பின்னால் நடந்தார்கள்.

முதலில் போனது ஜெனிட்டா.

ஒரு சத்தம் போட்டாள். அது வெறும் சத்தம், வார்த்தை இல்லை. அடுத்து பிச்சையா அண்ணன், பிரியாணி என்ற சொல்லின் பாதியில். அப்புறம் இன்னும் மூன்று பேர். என்னைத் தவிர மேலே மிச்சமிருந்த ஒரே ஒரு ஆள் கொக்கியை எடுத்து மேல்கம்பியில் மாட்டினான். மாட்டிவிட்டு, "யம்மா யம்மா" என்று முனகிக்கொண்டே நின்றான்.

பிறகு ஒவ்வொரு பெயராக மறைந்தது. எல்லோரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார்கள். நான் மட்டும் மேடையில் நின்றேன். கடல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் கதவைத் தட்டினாள். ஜெனிட்டாவை இவ்வளவு பக்கத்தில், உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. நெற்றியில் சின்ன அம்மைத் தழும்பு இருக்கிறது. கண் சிவந்திருந்தது. மற்றக் கட்டிலிலிருந்த பெட்டியைக் கீழே வைத்து உட்காரச் சொன்னேன்.

"ராத்திரி பூரா விழுந்துட்டே இருக்கேன். கண்ண மூடுனா விழுதேன்."

"தெரியும்."

"ஏன் சொல்லாம செஞ்சிய?"

"வகுப்புல சொன்னேனே ஜெனிட்டா. அதையே அடுத்தவனுக்குச் சொல்லிட்டே நீ பின்னால நடந்த. டவர்ல என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நான் பிடிக்கலைன்னா?"

அவள் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தச் செவரு இருக்குன்னு நாங்க நடக்கல. நீங்க இருக்கியன்னுதான் நடந்தோம்" என்றாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள், அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? டீ குடிக்கிறாயா என்றேன்.

"வேண்டாம் மேடம்" என்றாள்.

மேடம்.

ஆகஸ்ட் 30, சனி

யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். ஜெபசிங் சார் என் எதிரில் கத்தினார், பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், பிறகு மெதுவான குரலில், "அஞ்சு பேரா விழுந்தாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுவர் இல்லாத மேடையையே இனி வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் நான் இங்கிருந்து கிளம்பிவிட வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்தும் அதையே சொன்னார்கள்.

சாயங்காலம் உள்ளே போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

யாரும் வரவில்லை. பெட்டி கட்டினேன். நாளைக்குச் சாயங்கால ரயில்.

செப்டம்பர் 1, திங்கள்

ஷட்டவுன். ஆலை நின்றுவிட்டது. இத்தனை நாள் காதில் இருந்துகொண்டே இருந்த இரைச்சல் அடங்கியதும் காக்கைச் சத்தமெல்லாம் கேட்டது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பாஸைத் திருப்பிக் கொடுக்குமுன் டவருக்குக் கீழே, கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாம் மேடையில் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. கிரேன் வந்து நின்றது. பிச்சையா அண்ணன் தெரிந்தார், அவர் தொப்பையை வைத்துக் கண்டுபிடித்தேன். அவர் முதுகிலிருந்து வார் மேலே கம்பிக்குப் போயிருந்தது.

பிறகு ஜெனிட்டா ஏறி வந்தாள். ஏணியிலிருந்து மேடையில் கால் வைத்ததும் அங்கேயே நின்றாள். கொக்கியை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். பதில் சொல்வதற்கு முன் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டாள். ஓர் எட்டு வைத்தால் ஒரு தடவை பார்த்தாள்.

வெட்கம் கெட்டுப்போய், அத்தனை பேர் நடுவில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். "ஜெனிட்டா!" என்று கூப்பிடவும் செய்தேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது நிச்சயம்.

கையசைக்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருந்தன. எடுக்கவே இல்லை.